குடிநீர் விழிப்புணர்வுப் பாட்டு

காதுல மாட்டியிருக்கியே, அதுல பாட்டுத்தான ஓடுது? அப்பம் நீ பாட்டு கேக்குற பிள்ளதான். நல்லதாப் போச்சு. ராசபாளையம்னு கண்டக்டர்ட்ட நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் தென்காசி. பஸ்ஸு இன்னும் மதுரையவே தாண்டல.

ஒண்ணும் இல்ல, அந்த ஒயரக் கழட்டிட்டு ஒரே ஒரு நிமிசம் இதப் பாரு. இதுல கிடாரு வச்சுக்கிட்டு இருக்கான் பாரு, அது என் மகன். சிவசைலப்பன்னு பேரு. வீடியோவுல 'சைலு'ன்னு போட்டிருக்கான். சாமி பேர இப்படி வெட்டிட்டானேன்னு முதல்ல சங்கடமா இருந்துச்சு. பொறவு பாத்தா இந்த மாதிரிப் பாடுற பயலுவ எல்லாவனும் ரெண்டெழுத்து மூணெழுத்துலதான் பேரு வச்சிருக்கான். சரி, சாமி பொறுத்துக்கிடும்.

சினிமாப் பாட்டு இல்ல. கேக்குறவ எல்லாரும் முதல்ல அதத்தான் கேக்காவ, எந்தப் படத்துல வருதுன்னு. படமே கிடையாது. அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டு, அவனே பாடி, அவனே வீடியோ எடுத்து, யூடியூப்ல அவனே போடுவான். இண்டிபெண்டன்ட் மியூசிக்குன்னு பேரு. சொந்தக் கால்ல நிக்கிற பாட்டுன்னு எங்க தெருவுல நான் விளக்கம் சொல்லியிருக்கேன்.

ஆனா பாரு, சொந்தக் கால்ல நிக்கிற பாட்டுக்கு நடக்கத் தெரியாது. படத்துப் பாட்டுன்னா டீக்கடையில ஓடும், கோயில் கொடையில ஓடும். இத யாராவது இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு வீடு வீடாப் போகணும். அதுக்கு அவனுக்கு யாரு இருக்கா? நான்தான் இருக்கேன்.

எப்படின்னு கேளு. எங்க வீட்டுல அவுக ஈபில இருந்து ரிட்டையராகி, போயும் சேந்துட்டாவ. எனக்குப் பகல் பூரா சும்மாதான். இந்த போன நானே கத்துக்கிட்டேன். உழவாரப்பணி குரூப், பிரதோச குரூப், காலனி குரூப், எங்க சொந்தக்காரவ குரூப், எல்லாத்துலயும் காலையில குட்மார்னிங்குக்குப் பதிலா பாட்டுதான் போடுவேன். பிரதோச குரூப்புல ரெண்டு தடவ என்னைய வெளிய எடுத்துட்டாவ. கை தவறிப் பட்டிருக்கும்.

கறிகாய்க்காரி வந்தாள்னா அவ போன வாங்கி, சப்ஸ்கிரைப்ப அமுக்கி, அந்த மணியையும் அமுக்கிட்டுத்தான் கத்திரிக்காய எடுப்பேன். மணிய அமுக்கணும், பாத்துக்கோ. அத அமுக்கலன்னா அடுத்த பாட்டு வாறது தெரியாது. முக்காவாசிப் பேரு அதுலதான் விட்டுருதாவ.

நீ அமுக்கிட்டியா? அமுக்கு. ஆங்.

மத்த பாட்டெல்லாம் எனக்கு அவ்வளவா வெளங்காது. மழைங்கான், ரயிலுங்கான், ஒரே சோகம். ஆனா இந்தப் பாட்டு இருக்கே, 'ஒரு டம்ளர் தண்ணி', இது நல்ல கருத்துள்ள பாட்டு. குடிநீர் விழிப்புணர்வு.

வீடியோவப் பாரேன். ஒரு வீடு. ஒரு ஸ்டூலு. ஸ்டூல் மேல சில்வர் டம்ளர்ல தளும்பத் தளும்பத் தண்ணி. யாரும் குடிக்க மாட்டாவ. பாட்டு முடியுற வரைக்கும் காமிராவ அந்த டம்ளர்லயேதான் வச்சிருக்கான். வெளிய வெயிலு நகந்து போவுது, டம்ளரு நெழலு நீண்டுக்கிட்டே போவுது. கடைசியில ஒரு பொம்பள கை வந்து அத எடுத்துட்டுப் போயி செடிக்கு ஊத்துது. பாத்தியா? தண்ணிய வீணாக்கல, செடிக்கு ஊத்துது. எவ்வளவு பெரிய விசயத்த எவ்வளவு பைய சொல்லிட்டான்.

கூடப் பாடுற பிள்ளை பெனிட்டா. எங்க ஊர்ப் பிள்ளைதான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. வேதக்காரவ, கிறிஸ்தவங்க. கோயில்ல கீபோர்டு வாசிக்கும். கோயில்னா அவுக கோயில். ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சாவ, ஒண்ணாப் பாட்டுக் கட்டுனாவ. வேற ஒண்ணும் இல்ல. வேற என்னமும் இருந்துறக் கூடாதேன்னுதான் நானே ஒரு நாள் அவ வீட்டுக்குப் போயி நல்லவிதமாப் பேசிட்டு வந்தேன்.

திட்டவெல்லாம் இல்ல, மக்ளே. எனக்குத் திட்டவே வராது. அவ அம்மா இருந்தா, பால்வாடியில ஆயா வேல. இந்தப் பிள்ளையும் இருந்துச்சு. 'பிள்ளைய நல்லாப் படிக்க வச்சிருக்கிய, நல்ல குரலு, உங்க ஆளுகள்லயே நல்ல பையனாப் பாத்து காலாகாலத்துல முடிச்சிருங்க'ன்னேன். இதுல என்ன தப்பு இருக்கு? நல்ல வார்த்தைதான? அவ அம்மாவும் 'சரிம்மா'ன்னா. பெனிட்டா தரையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அடக்கமான பிள்ளை.

உள்ள நுழைஞ்ச உடனே அவ அம்மா தண்ணி கொண்டுவந்து குடுத்தா. வாங்கிப் பக்கத்துல வச்சேன். குடிக்கல. தாகம் இல்ல. சித்திர வெயில்ல ரயில்வே கேட்டு வரைக்கும் நடந்து போயிருக்கேன், தாகம் இல்லாம இருக்குமான்னு நீ நினைப்ப. எனக்கு எப்பவுமே தாகம் கம்மி. வெளிய வந்து முக்குக் கடையில ஒரு சோடா குடிச்சேன். அது வேற. அது தலசுத்தலுக்கு.

அப்பம் பாத்து சைலு பைக்குல எதுக்க வந்தான். என்னையப் பாத்தான். நான் வந்த தெருவப் பாத்தான். கையில இருந்த சோடா பாட்டிலப் பாத்தான். 'என்னம்மா இங்க?'ன்னுகூடக் கேக்கல. அப்படியே அவ வீட்டுப் பக்கமாப் போயிட்டான். அந்த மாசமே மெட்ராசுல வேல கிடைச்சு ஊர விட்டுப் போனவன்தான். தீவாளிக்கு வரல, பொங்கலுக்கு வரல, அவுக அப்பா திதிக்கு மட்டும் வந்து நின்னுட்டு அன்னைக்கே கிளம்பிட்டான். கம்ப்யூட்டர் வேலையில லீவு குடுக்க மாட்டாவளாம். போன் போட்டா 'ம்'ங்கான். பாடுற தொண்டைய எதுக்கு வீணாக்கணும்னு நானும் ரொம்பப் பேசுறது இல்ல.

இப்பம் பாரு, அந்தப் பிள்ளையே இவன்கூடப் பாடியிருக்கு. நான் போயிப் பேசினத மனசுல வச்சுக்கல பாத்தியா? நல்லவிதமா எடுத்துக்கிட்டா.

பாட்டுல ஒரு இடம் வரும். இரு, கேளு.

'நெறஞ்ச டம்ளரு நெறஞ்சபடி
நீங்க வந்து போனபடி
முக்குக் கடை சோடா மட்டும்
மூடி தெறந்து சிரிச்சதடி.'

கேட்டியா? அன்னைக்கு நான் சோடா குடிச்சதப் பாத்தான்லா, அதக் கொண்டாந்து பாட்டுல போட்டுட்டான். கலைஞன்னா அப்படித்தான், அம்மா குடிச்ச சோடாவக்கூட விட மாட்டான். கண்ட கலரு தண்ணியக் குடிக்காதிய, நல்ல தண்ணியக் குடிங்கன்னு அதுலயும் ஒரு விழிப்புணர்வு இருக்கு.

இந்தப் பாட்டு வந்த பொறவு நான் வீட்டுல இருக்கவே இல்ல. உலகத் தண்ணி தினம்னு ஒண்ணு வருதாமே, அதுக்குப் பள்ளிக்கூடத்துல போடுங்கன்னு எட்மாஸ்டர்ட்ட கொண்டு போனேன். அவரு முழுசாப் பாத்தாரு. பாத்துட்டுக் கொஞ்ச நேரம் என் மூஞ்சியப் பாத்தாரு. 'எம்மா, இதுல தண்ணி இருக்கு, ஆனா இது தண்ணியப் பத்தின பாட்டு இல்லையே'ன்னாரு. மனுசன் கணக்கு வாத்தியாரா இருந்து எட்மாஸ்டரானவரு. அவருக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்?

பொறவு எங்க நாத்தனாரு மக கல்யாணம். மண்டபத்துல பெரிய டிவி வச்சு மாப்பிள பொண்ணு படமாக் காட்டிக்கிட்டு இருந்தாவ. அந்தத் தம்பிகிட்டப் போயி, இடையில இதையும் ஒரு தடவ போடுப்பான்னேன். போட்டுட்டான். பந்தியில இருந்தவ எல்லாம் திரும்பிப் பாத்தாவ. எனக்கு இதுக்கு முன்னால மேடைக்குப் போயி மைக்குல பேசிப் பழக்கம் இல்ல. ஆனா மகனுக்காகச் செய்யணும்லா? போயி, 'இது என் மகன் பாடினது, எல்லாரும் ஷேர் பண்ணுங்க'ன்னேன்.

மண்டபம் அப்படியே அமைதியாப் போச்சு. நாதசுரக்காரரு சீவாளிய வாயில வச்சவரு எடுத்துட்டாரு. அவ்வளவு மரியாத. எங்க நாத்தனாரு வந்து என் கையப் புடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போனா. 'மதினி, உங்களுக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? உங்க மானத்த நீங்களே இப்படி ஊருக்குக் காட்டுதியளே'ன்னா. அவ மகன் எம்பிஏ படிச்சுட்டு வீட்டுல இருக்கான். வயித்தெரிச்சல் இருக்கத்தான செய்யும்.

ஆனா ஒண்ணு, இவ்வளவு செஞ்சும் வீடியோ நகரல. ஊர்ல எனக்குத் தெரிஞ்சவ எல்லாரும் பாத்தாச்சு, அதுக்கு மேல போகல. வீடியோவுக்குக் கீழ கமெண்ட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா, அதுல போயி 'அருமை', 'அருமையிலும் அருமை', 'தொடரட்டும்'னு தினமும் எழுதுவேன். ஒருநாள் பாத்தா எவனோ ஒரு பையன் எழுதியிருக்கான். 'யாருங்க அந்த அம்மா? நேர்ல பாத்தா ரெண்டு வார்த்தை கேக்கணும்.'

எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. பாட்டக் கேட்டுட்டு, இப்படி ஒரு பிள்ளையப் பெத்த அம்மா யாருன்னு ஒருத்தன் கேக்கான். இதுக்குப் பதில் சொல்லாம இருக்கலாமா? நான் எழுதினேன்.

'அந்த அம்மா நான்தான். ஊர் தென்காசி. எல்லோரும் தண்ணீரை வீணாக்காமல் இருங்கள்.'

அவ்வளவுதான். வேற ஒண்ணுமே எழுதல.

அம்மாடி! அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து போனு கையில நிக்கல. டிங்கு டிங்குன்னு அடிக்குது. எனக்கு லைக்கு போடுதாவ, பதில் எழுதுதாவ, சிரிக்கிற மூஞ்சி போடுதாவ, அழுற மூஞ்சி போடுதாவ. நான் எழுதினத போட்டோ புடிச்சு எங்கெங்கயோ போட்டிருக்காவ. அதப் பாத்துட்டுத்தான் பாட்டப் பாக்கவே வந்தோம்னு எழுதியிருக்காவ. துபாயில இருந்து, மலேசியாவுல இருந்து. நான் வீடு வீடாத் தூக்கிட்டு அலைஞ்சும் நகராத பாட்டு, ஒரே கமெண்ட்டுல ஓட ஆரம்பிச்சிட்டு. விளம்பரம்னா என்னன்னு இப்பம் தெரியுதா?

ரெண்டொருத்தன் திட்டியும் எழுதியிருந்தான். ரெண்டொருத்தன்னா, கொஞ்சம் பேரு. புகழ்னு வந்தா அதுவும் கூட வரும்.

மறுநாள் சைலு போன் போட்டான். அவனாப் போட்டான். நான் போடாம, அவனா.

"அம்மா."

"சொல்லுலே. சாப்ட்டியா?"

"அந்தக் கமெண்ட்ட அழிச்சிரு."

"ஏம்லே? அதுக்குத்தான இம்புட்டுக் கூட்டம் வருது?"

"ஒன்னயத் திட்டுதாங்கம்மா. என்னென்னமோ எழுதுதாங்க. என்னால அத வாசிக்க முடியல."

"திட்டுறவன் தண்ணிய வீணாக்குறவனா இருப்பான். நீ எதுக்கு வருத்தப்படுத?"

பொறவு கேட்டான்.

"நெசமாவே ஒனக்கு வெளங்கலியாம்மா? இல்ல, வெளங்காத மாதிரி இருக்கியா?"

"எனக்கு வெளங்காம என்னலே? எத்தன வருசம் கொடம் தூக்கியிருக்கேன், தண்ணிக் கஷ்டம் எனக்கா தெரியாது?"

வச்சுட்டான். வேல நேரம்லா. ஆனா பாரேன், என்னைய நாலு பேரு திட்டுனா அவனுக்குப் பொறுக்கல. இதுக்கு மேல ஒரு அம்மாவுக்கு என்ன வேணும்?

நான் அழிக்கல. மகன் முன்னேறணும்னா அம்மா நாலு ஏச்சு வாங்கத்தான் செய்யணும்.

அப்பம்தான் இந்த மதுர ப்ரோகிராம் வந்துச்சு. தல்லாகுளத்துல ஒரு ஹாலு, ஞாயித்துக்கிழம காலையில. என்னையக் கூப்பிடல. மறந்திருப்பான், ஆயிரம் வேல. அவன் பேஜுல பாத்து நானே தெரிஞ்சுக்கிட்டு, விடியவும் கிளம்பி வந்துட்டேன். மாம்பழக் கலருல பட்டுச்சேல கட்டினேன். முன் வரிசையில போயி உக்காந்தேன்.

எல்லாம் உன் வயசுப் பிள்ளைகதான். இவன் மேடைக்கு வந்தான். மெலிஞ்சு போயிருக்கான். பெனிட்டா கீபோர்டுக்குப் பின்னால நின்னுச்சு. என்னைய அதுதான் முதல்ல பாத்துச்சு. பாத்துட்டு இவனத் திரும்பிப் பாத்துச்சு. இவன் பொறவு என்னையப் பாத்தான். கையில இருந்த கிடாரு ஒரு மாதிரி சத்தம் போட்டுட்டு நின்னுட்டு.

நாலஞ்சு பாட்டுப் பாடினான். கூட்டம் பூரா 'டம்ளர், டம்ளர்'னு கத்துது. இவன் மைக்குல, "இன்னைக்கு அந்தப் பாட்டு வேண்டாமே, ப்ளீஸ்"ங்கான். அந்தப் பாட்டுக்குத்தானப்பா டிக்கட்டு வாங்கிட்டு வந்திருக்காவ? எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சு நின்னு, "பாடுலே சைலு!"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன்.

கூட்டம் பூரா என்னையத் திரும்பிப் பாத்துச்சு.

பாடினான். சோடா வரி வந்துச்சு பாரு, அந்த இடத்துல அவனுக்கு வரி வரல. அவனே எழுதின வரி. வாயத் தெறந்துக்கிட்டு நிக்கான். பெனிட்டாதான் அந்த வரியப் பாடுச்சு. என்னையப் பாத்துத்தான் பாடுச்சு. கோவமாப் பாக்கல. எப்படிச் சொல்ல, சும்மா பாத்துச்சு. தரையப் பாக்கல. அவ்வளவுதான்.

முடிஞ்ச உடனே பிள்ளைகள் எல்லாம் என்னையச் சுத்திக்கிட்டாவ. "ஆன்ட்டி, அந்தக் கமெண்ட் போட்டது நீங்கதானா?" ஆமான்னேன். போட்டோ எடுத்தாவ. நான் சிரிச்சேன். எடுத்தவளுவ யாரும் சிரிக்கல. அதுல ஒரு பொண்ணு, கண்ணாடி போட்டிருந்துச்சு, நல்ல பிள்ளை, மரியாதையாத்தான் கேட்டுச்சு.

"ஏன் ஆன்ட்டி குடிக்கல?"

என்ன சொல்ல? தாகம் இல்லன்னு சொல்லணும். உன்கிட்ட சொன்னேன்லா, அதேதான். சொல்லத்தான் வாயத் தெறந்தேன். வரல. ஹால்ல சத்தம் ஜாஸ்தி, சொன்னாலும் கேட்டிருக்காது. அந்தப் பிள்ளை அப்படியே நிக்குது, பதிலுக்கு. சுத்தி எல்லாரும் நிக்காவ. சைலு மேடையில இருந்து இறங்கி ஓடி வாறான், கூட்டத்துல நுழைய முடியல.

அப்பம் ஒரு கை வந்து என் தோளப் புடிச்சுச்சு. பெனிட்டா.

"அத்தைக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. விடுங்க, ப்ளீஸ்."

அத்தைன்னு சொல்லுது. எங்க பக்கத்துல எல்லாரையும் அத்தை, சித்தின்னுதான் கூப்பிடுவோம், அந்தப் பழக்கத்துல சொல்லியிருக்கும். என்னையக் கூட்டிட்டு வெளிய வந்துட்டு. சைலு வாசலுக்கு வந்தான். "வெயில்ல எதுக்கும்மா வந்த?"ன்னான். என் பைய வாங்கி வச்சுக்கிட்டு அப்படியே நின்னான். குடுக்கணும்னும் தெரியல. உள்ள இருந்து அவனக் கூப்பிடுதாவ. "நான் கொண்டு விடுதேன், நீ போ"ன்னு பெனிட்டா அந்தப் பைய அவன் கையில இருந்து வாங்கிச்சு. வா, போன்னுதான் பேசிக்கிடுதாவ. ஒண்ணாப் படிச்சவங்கல்லா.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோல வந்தோம். எங்க இருக்கம்மான்னு கேட்டேன். மெட்ராசுல வளசரவாக்கம்னு சொல்லுச்சு. சைலுவும் அங்கதான இருக்கான்னேன். "ஆமா அத்தை, ஒரே வீடுதான்"னு சொல்லுச்சு. மாடி வீடா இருக்கும், கீழ மேலன்னு இருப்பாவ. கழுத்துல மெல்லிசா ஒரு செயின் கிடந்துச்சு. அதுல என்ன கோத்திருக்குன்னு நான் பாக்கல. அடுத்தவ கழுத்த உத்துப் பாக்குறது நம்ம பழக்கம் இல்ல.

பொறவு நானே ஆரம்பிச்சேன். "அந்தக் கமெண்ட்ட அழிக்கச் சொல்லுதான் சைலு. நீ என்னம்மா சொல்லுத?"

"அழிக்காதீங்க அத்தை"ன்னு உடனே சொல்லிட்டு. "அவன் உங்களுக்காகச் சொல்லுதான். எனக்கு அது வேணும்."

"உனக்கு எதுக்கு?"

"அன்னைக்கு நடந்தத எங்கம்மா தெருவுல யார்ட்டயும் சொல்லல. ஒரே ஒரு தடவ எங்க சித்திகிட்டச் சொன்னாவ. 'அவுக வீட்டு ஆளு நம்ம வீட்டுக்குள்ள வந்து உக்காந்தாவளாக்கும்? பொய்யி பேசாத'ன்னு அவ சிரிச்சிட்டா. வந்ததையே யாரும் நம்பல. நீங்க எழுதினத எங்கம்மா போட்டோ எடுத்து வச்சிருக்காவ. 'அந்த அம்மா நான்தான்.' சித்திகிட்ட அதத்தான் காட்டினாவ."

ஆட்டோ சிக்னல்ல நின்னுச்சு.

"முதல் வரிய மட்டும்தான் வாசிப்பாவ"ன்னு சொல்லுச்சு. "அந்தத் தண்ணி வரி வந்தா போனக் கவுத்தி வச்சிருவாவ."

பஸ்ஸுல ஏத்தி, ஜன்னல் சீட்டா இதப் புடிச்சுக் குடுத்து, "போயிட்டுப் போன் பண்ணுங்க"ன்னுச்சு. நம்பரும் குடுத்திருக்கு. நல்ல பிள்ளை. அப்பவே சொன்னேன்லா.

எங்க, திருமங்கலமா இது? இன்னும் நேரம் இருக்கு.

மக்ளே, உனக்கு இந்தப் போனெல்லாம் தெரியும்லா. கமெண்ட்ட அழிக்கவும் வேண்டாம், முழுசா விட்டு வைக்கவும் வேண்டாம், பாதிய மட்டும் மாத்த முடியுமாமே, அது எப்படி? ஓரத்துல மூணு புள்ளி இருக்கே, அத அமுக்கணுமா? இந்தா, நீயே பண்ணிக் குடு, ரோடு சரியில்ல. 'அந்த அம்மா நான்தான், ஊர் தென்காசி', அது இருக்கட்டும். அதுல கை வச்சிராத. அதுக்குக் கீழ, தண்ணிய வீணாக்காதீங்கன்னு இருக்கு பாரு, அத மட்டும் எடுத்துரு.

ஒண்ணும் இல்ல. ரொம்ப நீளமா இருக்கு. வாசிக்கிறவளுக்குச் சிரமம்.